உயிர் பிழைத்தவரிடம் நன்றி கேட்பது பற்றி

"உசுரு பொழச்சதே பெருசு" என்பது ஆறுதலாகத் தொடங்கி ஆணையாக முடிகிற வாக்கியம். தலையில் அடிபட்டு நினைவின்றிக் கிடந்தவர் கண் திறந்த அன்று சொல்லப்படும்போது அது ஆறுதல், அதில் ஐயமில்லை. ஆறு மாதம் கழித்து அவர் வேலை கேட்டுப் போகும்போதும், இரண்டாண்டு கழித்து உதவித்தொகைக்கு மனு எழுதும்போதும், ஐந்தாண்டு கழித்து "எனக்கு இன்னும் சரியாகவில்லை" என்று சொல்லும்போதும் அதே வாக்கியம் வந்து நிற்கிறது. அப்போது அதன் பொருள் வேறு. கிடைத்ததே அதிகம், மேற்கொண்டு கேளாதே என்பது அதன் பொருள். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, கன்டெய்னர் லாரிகளுக்கும் சாரங்களுக்கும் கீழே வாழ்கிற மக்கள் இந்த வாக்கியத்தை மிகுதியாகக் கேட்டவர்கள். அதை எதிர்த்துச் சில சொல்ல விரும்புகிறோம்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். நாம் நன்றியுணர்வுக்கு எதிரிகள் அல்லர். பிழைத்து எழுந்த ஒருவர் தம்மைத் தூக்கிச் சென்ற முகம் தெரியாத ஆட்டோ ஓட்டுநரை நினைத்துக் கண் கலங்குவாரானால் அந்தக் கண்ணீருக்கு முன் நாம் தலை வணங்குகிறோம். நாம் எதிர்ப்பது நன்றியை வசூலிக்கும் வழக்கத்தை. வார இதழ்களின் தன்னம்பிக்கைப் பக்கங்கள் அதை வசூலிக்கின்றன. சாட்சி சொல்லும் மேடைகள் வசூலிக்கின்றன. சக்கர நாற்காலி வழங்கும் விழாவில் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறவர்கள் வசூலிக்கிறார்கள். மனித மனத்தின் நுட்பங்களை எழுதுவதாகப் பெருமை கொள்கிற நம் இலக்கிய உலகமும் இந்த வசூலில் பங்கு பெற்றிருக்கிறது என்பதையே இறுதியில் சொல்லப் போகிறோம்.

மூளைக்காயம் என்பது என்ன? கை முறிந்தால் கட்டுப் போடுகிறார்கள். கட்டுப் பிரித்தால் கை. மூளை அவ்வாறன்று. மண்டை ஓட்டுக்குள் அது திடீரென்று உலுக்கப்படும்போது முன்பகுதியும் பக்கப்பகுதிகளும் எலும்பின் சொரசொரப்பான உட்புறத்தில் மோதிக் கன்றுகின்றன. நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. வெளியே தழும்பு ஆறிவிடும். உள்ளே அறுந்தவற்றுள் சில திரும்பச் சேர்வதில்லை. எஞ்சிய பகுதிகள் பழகிப் பழகிப் புதிய வழி தேடுவதையே நாம் தேறுதல் என்கிறோம். அது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடப்பது; பயிற்சியின்றி நடக்காதது; பெரும்பாலும் முழுமை பெறாதது.

1974இல் கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேலும் ஜெனட்டும் நினைவின் ஆழத்தை 3 முதல் 15 வரையிலான எண்ணாக்கும் அளவுகோலை உருவாக்கினர். இன்று உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் அந்த எண்ணைத்தான் எழுதுகிறார்கள். கிளாஸ்கோவும் நம் வடசென்னை போலக் கப்பலும் பட்டறையும் நிறைந்த தொழிலாளர் ஊர்தான் என்பது நினைக்கத்தக்கது. மறு ஆண்டு ஜெனட்டும் பாண்ட் என்ற மனநல மருத்துவரும் இன்னொரு அளவுகோலைத் தந்தனர். அது இறுதி விளைவை ஐந்து படிகளாகப் பிரிப்பது: இறப்பு, உணர்வற்ற நிலை, கடும் ஊனம், மிதமான ஊனம், நல்ல மீட்சி. இந்த 'நல்ல மீட்சி' என்ற படியைக் கவனியுங்கள். சிறிய குறைகள் நீடித்தாலும் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பியவர் அதில் அடங்குவார். சிறியது எது என்பதை யார் முடிவு செய்வது? மறதி கணக்கு எழுதுகிறவருக்குப் பெரிது. கிரேன் இயக்குகிறவருக்கு நொடித் தாமதம் பெரிது.

ஓர் எடுத்துக்காட்டு போதும். தலையில் பலத்த அடி விழும்போது மூக்கின் மேற்கூரையிலுள்ள சல்லடை எலும்பின் வழியே செல்லும் நுண்ணிய நரம்புகள் அறுந்து மணம் அறியும் புலன் போய்விடுவதுண்டு. பலருக்கு அது திரும்புவதேயில்லை. காப்பியின் மணம் போயிற்று, அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆனால் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மக்களை எழுப்பி ஓடவைத்தது மூக்குதான். அந்த மூக்கை இழந்தவர் இந்தக் கடற்கரையில் எப்படி உறங்குவார்? காசிமேட்டில் மீன் வாங்கி விற்கிற ஒரு பெண்ணுக்கு மணம் தெரியாது போனால் அவர் தொழில் என்ன ஆகும்? மருத்துவச் சீட்டில் இது 'சிறிய குறை'.

இதைவிடக் கடுமையானவை கண்ணுக்குத் தெரியாதவை. இரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு மூளை அணைந்துவிடுகிற சோர்வு. மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் விளங்காத குழப்பம். காரணமின்றிப் பொங்குகிற சினம். தொடங்கிய செயலை முடிக்கத் தெரியாமை. தமக்கு இவையெல்லாம் இருப்பதையே அறியாமை. கால் இல்லாதவருக்கு இருக்கையை விட்டுத் தருகிற பேருந்து, இவரைக் குடிகாரர் என்று இறக்கிவிடுகிறது. உறவினர்களோ "ஆள் நல்லாத்தானே இருக்கான்" என்கிறார்கள்.

இப்போது நன்றிக்கு வருவோம். திருக்குறளின் பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். ஆண்டுதோறும் வகுப்பறையில் நாம் அதை நடத்துகிறோம். நன்றி என்ற சொல்லுக்கு அங்கே நன்மை, உதவி என்பதே பொருள் என்று மாணவர்க்கு உரை சொல்கிறோம். ஒருவர் செய்த நன்மையை அறிந்திருத்தல், மறவாதிருத்தல் என்பதே அந்த அறம். அதாவது தமிழில் நன்றி என்பது நினைவின்மேல் கட்டப்பட்ட அறம். நன்றி மறத்தல் என்று சொல்கிறோமே தவிர நன்றி குறைதல் என்று சொல்வதில்லை. மற்ற எந்தப் பிழைக்கும் உய்வு உண்டு, இந்த மறதிக்கு இல்லை என்கிற அளவுக்கு அவ்வதிகாரம் கடுமை காட்டுகிறது.

நினைவே உடைந்துபோனவரை இந்த அறத்தின் முன் எப்படி நிறுத்துவது? காலையில் ஊட்டிய கையை மாலையில் மறந்துவிடுகிறவர் நன்றி மறந்தவரா? நெற்றிப் பகுதி சிதைந்ததால் பொங்கும் சினத்தை அடக்கும் ஆற்றலை இழந்து, தம்மைக் குளிப்பாட்டுகிற மனைவியையே ஏசுகிறவர் நன்றி கெட்டவரா? நம் தெருக்கள் தயங்காமல் அப்படித்தான் சொல்கின்றன. உதவியை நினைவில் வைப்பதற்கும், முகத்தில் கனிவைக் காட்டுவதற்கும், உரிய நேரத்தில் உரிய சொல்லை எடுப்பதற்கும் தேவையான உறுப்பு எதுவோ அதுவே காயம் பட்டிருக்கிறது. அவரிடம் போய் நன்றியைக் கேட்பது முடவரிடம் ஓட்டப்பந்தயம் கேட்பதற்குச் சமம். முடவரிடம் அப்படிக் கேட்க நமக்குக் கூச்சம் இருக்கிறது, இவரிடம் இல்லை.

நம்மிடம் 'மூளைச்சாவு' என்ற சொல் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் அதற்குச் சட்ட உருவம் கொடுத்தது. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு பள்ளி மாணவரின் உறுப்புகளை மருத்துவர்களான அவர் பெற்றோர் கொடையாகத் தந்தபோது தமிழ்நாடே நெகிழ்ந்தது. உறுப்புக்கொடையில் இம்மாநிலம் முன்னணிக்கு வந்ததில் அந்நிகழ்ச்சிக்குப் பெரும் பங்குண்டு. 2023 செப்டம்பரில், உறுப்புக்கொடை அளித்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். இவை யாவும் போற்றத்தக்கவை. நாம் கேட்பது இதுதான்: அதே சாலையில், அதே வகை விபத்தில், அதே அளவு அடிபட்டுச் சாகாமல் போனவருக்கு நம்மிடம் என்ன சொல் இருக்கிறது? செத்த மூளைக்குப் பெயர் வைத்த சமூகம், உயிரோடிருக்கிற காயம் பட்ட மூளைக்கு மக்கள் நாவில் நிற்கும் ஒரு பெயரையும் வைக்கவில்லை. இறந்து கொடுத்தவருக்கு நாம் நன்றி சொல்கிறோம். பிழைத்து வாங்கியவரிடம் நன்றி கேட்கிறோம். கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டதன் விளைவு இது.

அரசின் திட்டங்களும் இந்தப் பார்வையில்தான் நிற்கின்றன. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது; அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். 2021 டிசம்பர் 18 அன்று 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊரினராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும். தொடங்கியபோது வரம்பு 1 லட்சம் ரூபாய். 2022இல் இந்தியாவிலேயே மிக அதிகமான சாலை விபத்துகள், 64,105, தமிழ்நாட்டில் பதிவாயின; இறந்தவர்கள் 17,884 பேர். அப்படிப்பட்ட மாநிலத்தில் இத்திட்டம் கட்டாயத் தேவை. அதைக் குறை கூறுகிறவர்கள் அல்லர் நாம். நம் கேள்வி நாற்பத்தொன்பதாவது மணி நேரத்தைப் பற்றியது. அதற்குப் பிறகு காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அரசு மருத்துவமனை இருக்கிறது என்பார்கள். உண்மை, அறுவைக்கும் படுக்கைக்கும் அவை இருக்கின்றன. மறந்த சொற்களைத் திரும்பக் கற்றுத்தரவும், பொத்தான் மாட்டவும் பணம் எண்ணவும் மறுபடி பழக்கவும், சினத்தைக் கையாளக் குடும்பத்திற்கே பயிற்சி தரவும் யார் இருக்கிறார்கள்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டிற்கே இயன்முறைச் சிகிச்சையைக் கொண்டுவந்தது. கை கால் மடங்கிப் போகாமல் காத்தது. உலக வங்கிக் கடனுதவியுடன் நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' மையங்களும் வரவேற்கத்தக்கவை. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் பல்லாண்டுகளாக இயங்குகிறது. ஆனால் கத்திவாக்கத்திலிருந்து கே.கே. நகருக்குப் போவதென்றால் நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும். கூட்டமும் ஓசையும் தாங்காத மூளையோடு, கூட ஒருவரின் அன்றைய கூலியையும் இழந்து, வாரம் மூன்று நாள் அப்படிப் போய்வரச் சொல்வது சிகிச்சையை மறுப்பதன் இன்னொரு வடிவமே.

சட்டத்திற்கு வருவோம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களை ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. பெரும் முன்னேற்றம். அந்த இருபத்தொன்றில் மூளைக்காயம் என்ற தனித் தலைப்பு இல்லை. 'நாட்பட்ட நரம்பியல் நிலைகள்' என்ற தலைப்பு உண்டு. அதற்கு எடுத்துக்காட்டாகச் சட்டம் சொல்வது மல்டிபிள் ஸ்க்லிரோசிஸையும் பார்க்கின்சன் நோயையும். ஆகவே மூளைக்காயம் பட்டவர் தம்மைத் துண்டு துண்டாக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது: கை இழுத்தால் கை ஊனம், பேச்சுக் குழறினால் பேச்சு ஊனம். துண்டுகளாகாத சோர்வும் மறதியும் சினமும் எந்தக் கட்டத்திலும் விழாமல் தரையில் சிந்துகின்றன. நாற்பது விழுக்காடு தேறாவிட்டால் பல சலுகைகளுக்குக் கதவு இல்லை. கடும் பாதிப்பு என்று தேறினாலோ மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. அதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும்.

தொழிலாளர் சட்டம் இன்னும் வியப்பானது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் படித்தவர்களுக்குத் தெரியும். கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. சுட்டுவிரல் முழுதும் போனால் 14. கால்விரல்களுக்கும் கணக்கு உண்டு. நினைவுக்கு அதில் வரி இல்லை. பட்டியலில் இல்லாத காயம் என்று ஒரு மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்த மதிப்பீட்டை முதலாளியின் வழக்கறிஞர் மறுக்க வேண்டும். வழக்கு நடக்க வேண்டும். அச்சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது; தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு கழித்துச் சட்டத்தைத் திருத்தி எழுதியபோதும் விரல்களின் பட்டியல் அட்டவணையில் இடம் பிடித்தது. மூளைக்கு இடம் கிடைக்கவில்லை.

இதில் வடசென்னைக்கென்று ஒரு கசப்பான பொருத்தம் உண்டு. 1970களில் ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வேங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைத் துறை நாடறிந்தது. எந்திரத்தில் சிக்கிய கைகள் இந்தப் பகுதியில் அவ்வளவு இருந்தன. துறையும் அதற்கேற்ப எழுந்தது. துண்டான விரலைத் தைத்து, பயிற்சி கொடுத்து, மீண்டும் பிடிக்க வைத்து அனுப்புகிற மரபு அங்கே உருவாயிற்று. தைப்பதோடு வேலை முடிவதில்லை என்பதை நம் மருத்துவர்களே கைக்கு நிறுவிக் காட்டியிருக்கிறார்கள். 1950இல் பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய ஊர் இது. கைக்குச் சாத்தியமானது தலைக்கு ஏன் சாத்தியமாகாது?

யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கணக்கையும் பார்த்துவிடலாம். 1881இலிருந்து சென்னைத் துறைமுகம், 1965இல் நிறுவப்பட்ட மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970இல் வந்த எண்ணூர் அனல்மின் நிலையம், 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம்: இந்நகரம் எரிப்பதும் ஓட்டுவதும் இறக்குமதி செய்து உடுத்துவதும் இந்தக் கடற்கரை வழியே வந்தவை. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் கட்டப்பட்டு வரும் அனல்மின் திட்டத்தில் இரும்புச் சாரம் சரிந்து ஒன்பது வெளிமாநிலத் தொழிலாளர்கள் இறந்தார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை தலைப்புச் செய்தியாயிற்று. காயமுற்றோர் செய்தியின் கடைசி வரியில் ஓர் எண் ஆனார்கள். அத்தகைய வரிகளில் வருகிறவர்கள் பின்னர் எந்த ஊரில், எந்தத் திண்ணையில், யார் தயவில் வாழ்கிறார்கள் என்று எந்தச் செய்தியும் திரும்பிப் பார்ப்பதில்லை. நன்றிக்கடன் என்று ஒன்று இருக்குமானால் அது நகரத்தின் பக்கம் நிற்கிறது.

நம் மாநிலமே நேரில் கண்ட ஒரு மூளைப்பாதிப்பை இங்கே நினைவுகூர வேண்டும். 1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். பக்கவாதமும் மூளையைச் சிதைப்பதே. காரணம் வேறு, விளைவு நெருங்கிய உறவு. நியூயார்க்கின் புரூக்ளின் நகர்ப்பகுதியில் சிகிச்சை பெற்றுக்கொண்டே ஆண்டிப்பட்டியில் வென்றார். 1985 பிப்ரவரியில் திரும்பி மீண்டும் பதவியேற்றார். 1987 டிசம்பர் 24 அன்று மறையும் வரை முதலமைச்சராக இருந்தார். பேச்சு பழைய தெளிவுக்குத் திரும்பவில்லை. அருகிலிருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள், எடுத்துச் சொன்னார்கள், கோப்புகள் நகர்ந்தன. அவருடைய அரசியலைப் பற்றி நமக்குக் கடுமையான கருத்துகள் உண்டு. அவை இங்கே தேவையில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றே. மக்கள் அவரிடம் நன்றியை எதிர்பார்க்கவில்லை. அவருக்கேற்ப ஓர் அரசு எந்திரமே தன்னை மாற்றிக்கொண்டது.

2016ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு 'நியாயமான ஏற்பாடு' என்று பெயர் வைத்திருக்கிறது. அதன் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கவோ தகுதி குறைக்கவோ கூடாது, இயன்ற வேறு பணி தர வேண்டும் என்கிறது. அரசு நிறுவனம் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒப்பந்தக்காரருக்குக் கீழே இன்னொரு ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே ஒரு மேஸ்திரி என்று அடுக்கிய கன்டெய்னர் முனையத்துத் தொழிலாளிக்கு இப்பிரிவு என்ன செய்யும்? முதலமைச்சர் பதவிக்கே பொருந்தி வந்த ஏற்பாடு ஒரு கிடங்குக் காவலர் வேலைக்குப் பொருந்தாதா?

இன்னொருவரை மறந்துவிட்டோம், எல்லாரும் மறப்பது போலவே. காயம் பட்டவரிடம் கேட்கிற நன்றி பெரும்பாலும் வீட்டிலுள்ள ஒரு பெண்ணின் உழைப்பை மறைக்கிற திரை. 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு வழங்கியது. பன்னிரண்டு வயதில் சாலை விபத்தில் மூளைக்காயம் பட்டு வாழ்நாள் முழுதும் பிறரைச் சார்ந்திருக்க நேர்ந்த பெண்ணுக்கு, இரண்டு உதவியாளர்களின் ஊதியத்தை ஆண்டுக்கணக்கில் பெருக்கி இழப்பீட்டில் சேர்த்தது. பராமரிப்பு என்பது பாசம் மட்டுமன்று, கூலி பெற வேண்டிய உழைப்பு என்பதை நீதிமன்றம் எண்களால் ஒப்புக்கொண்டது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், நினைவிழந்து கிடந்த கணவருக்கு மனைவியையே பாதுகாவலராக நியமித்து, அவர் சொத்தை விற்றுச் செலவுக்கு எடுக்க வழி செய்தது. அதற்காகவும் ஒரு மனைவி உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. இந்தப் பெண்களிடம் நாம் சொல்வது என்ன? "நீ தெய்வம்மா." தெய்வத்திற்குச் சம்பளம் இல்லை, விடுப்பும் இல்லை.

இப்போது நம் கலைகளைப் பார்ப்போம். 'மூன்றாம் பிறை' (1982) அடிபட்ட பெண்ணைக் குழந்தையாக்கிப் பின் முழுதாகக் குணமாக்கியது. 'சேது' (1999) சிதைந்த மூளையைச் சங்கிலியில் கட்டிப் பின் தெளியவைத்தது. 'கஜினி' (2005) நினைவிழப்பைப் பழிவாங்கலுக்குக் கருவியாக்கியது. 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' (2012) ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு உண்மையில் நேர்ந்ததை எடுத்துக்கொண்டு நகைச்சுவையாக்கியது. அவருக்கு நினைவு திரும்பியது, படமும் அங்கே முடிந்தது. நல்ல படங்கள் இவற்றில் உண்டு. ஆனால் நான்கிலும் இல்லாதவர் ஒருவர்: பாதி தேறி, அப்படியே நின்று, இருபதாண்டு வாழ்கிறவர். அவர் கதைக்கு உச்சக்காட்சி இல்லை.

வடசென்னையின் குத்துச்சண்டையும் அப்படியே. பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) வந்தபின் அந்த மேடைகளை நாடே கொண்டாடியது; 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஆடியதை இராயபுரத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். தலையில் தொடர்ந்து வாங்கும் குத்துகள் பின்னாளில் மூளையைக் கெடுக்கும் என்று மார்ட்லண்டு என்ற அமெரிக்க மருத்துவர் 1928லேயே எழுதிவிட்டார். குத்தின் அழகைப் பாடுகிற நாம், குத்து வாங்கியவரின் அறுபதாவது வயதை எழுதியதில்லை.

உலக இலக்கியத்தில் வேறு வழிகள் உண்டு. 1943இல் ஸ்மோலென்ஸ்க் போர்முனையில் தலையில் குண்டு பாய்ந்த சசெட்ஸ்கி என்ற சோவியத் வீரர், தாம் எழுதியதைத் தாமே திரும்பப் படிக்க இயலாத நிலையில், இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 3,000 பக்கங்கள் எழுதினார். அவருடைய மருத்துவரான லூரியா 1971இல் அவற்றை முன்வைத்து ஒரு நூல் செய்தார். அப்பக்கங்களை நிறைத்திருப்பது தேடல்: ஒரு சொல்லுக்கான தேடல், தன் உடம்பின் வலப்பக்கத்திற்கான தேடல். சுவீடனின் டிரான்ஸ்ட்ரோமர் 1990இல் பக்கவாதத்தால் பேச்சையும் வலக்கையையும் இழந்தார். 1996இல் புதிய தொகுப்பு வந்தது. இடக்கையால் பியானோ வாசித்தார். 2011இல் நோபல் பரிசு பெற்றார். அவரை 'மரணத்தை வென்றவர்' என்று யாரும் மேடையேற்றவில்லை. கவிஞர் என்றே படித்தார்கள்.

மறுப்புகள் வரும். அதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி என்று டெடெஸ்கியும் கால்ஹூனும் 1990களில் எழுதியது உங்களுக்குத் தெரியாதா, துன்பத்திற்குப் பின் வாழ்வின் அருமையை உணர்ந்ததாகப் பாதிக்கப்பட்டவர்களே சொல்கிறார்களே என்று கேட்பார்கள். சொல்கிறார்கள், நம்புகிறோம். ஆனால் ஒருவர் தாமாக அடைந்ததை மற்றவருக்கு விதியாக்குவது உளவியலாகாது. நன்றி சொல்லாதவர் மீளத் தவறியவர் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறக்கிறது. நன்றி சொன்னவரின் நன்றிக்கு மதிப்பு வருவதே, சொல்லாமல் இருக்கவும் அவருக்கு உரிமை இருக்கும்போதுதான்.

குறளில் நூற்றேழாம் அதிகாரம் இரவச்சம். இரந்து நிற்பதன் இழிவைச் சொல்வது. நன்றியறிதலை மனப்பாடம் செய்விக்கிற நாம் இந்த அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உரிமையாய் வர வேண்டியதை உதவியாய்த் தந்துவிட்டு நன்றியை எதிர்பார்க்கிறவர், எதிரில் இருப்பவரை இரவலர் ஆக்குகிறார்.

ஆகவே நாம் கேட்பவை எளியவை. மருத்துவமனையிலிருந்து அனுப்பும் சீட்டில் மருந்துப் பட்டியலோடு, நினைவு, பேச்சு, நடத்தை ஆகியவற்றுக்கான பயிற்சித் திட்டமும் எழுதப்பட வேண்டும். கை அறுவைத் துறை வளர்ந்த வடசென்னையிலேயே மூளைக்காய மறுவாழ்வுக்குத் தனித்துறை வேண்டும். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் அட்டவணையில் மூளைக்காயம் தன் சொந்தப் பெயரில் இடம்பெற வேண்டும். இழப்பீட்டு அட்டவணையிலும் அவ்வாறே. பராமரிக்கிறவருக்கு ஊதியம் வேண்டும். வேலைக்குத் திரும்பும் உரிமை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வேண்டும்.

எழுதுகிறவர்களிடம் கேட்பது ஒன்று. தேறாமல், திருந்தாமல், நன்றி சொல்லாமல், எரிச்சலோடும் மறதியோடும் திருவொற்றியூர்த் தெரு ஒன்றில் வாழ்ந்துகொண்டிருக்கிற ஒருவரை, அவருக்கு ஒரு பாடமும் கற்பிக்காமல், அவரிடமிருந்து ஒரு பாடமும் பிழிந்தெடுக்காமல் எழுதுங்கள். அவர் நமக்கு எதையும் தர வேண்டியதில்லை.